யாரும் தொடவே இல்ல, பாப்பாவோட முட்டி ஜவ்வு அறுந்துபோச்சு

என் போன்ல ஒரு வீடியோ இருக்கு, 41 செகண்ட். எதிர் டீம் புள்ளையோட அண்ணன் யாரோ எடுத்தது, வாட்ஸ்அப்ல சுத்திச் சுத்தி எங்ககிட்ட வந்துச்சு. கபடி மேட்ச்ல எம்பொண்ணு, பாப்பா, ரெய்டு போறா, கார்னர்ல நிக்கற புள்ளைய தொடப் பாக்கறா, அந்தப் புள்ள பின்வாங்கிருது, சரி திரும்பிடலாம்னு இவ வலது காலை ஊனி இடது பக்கமா ஒரு திருப்பு திருப்பறா. அவ்வளவுதான், அப்படியே சுருண்டு விழறா. சுத்தி ரெண்டு மூணு அடிக்கு ஆளே இல்ல, யாரும் பிடிக்கல, தள்ளல. நூறு தடவையாவது பாத்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் கையோ காலோ பட்டிருக்கான்னு தேடுவேன், இருந்தா அவங்களத் திட்டியாவது மனச ஆத்திக்கலாம்ல. இல்ல. அதனாலதான் இதை எழுதறேன், ஏன்னா இந்த ஜவ்வு அறுந்துபோற புள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குக் கிட்ட இப்படித்தான் யாரும் மோதாமயே அறுந்துபோகுதாம், அது எனக்குத் தெரிய வந்தப்ப காசு, நாளு, தூக்கம் எல்லாம் போயிருச்சு.

நாங்க ராசிபுரம் பக்கம். வீட்டுக்காரர் லாரி ஓட்டறார், மாசத்துல இருபது நாளு குஜராத், மகாராஷ்டிரா லைன்லதான். நான் வீட்டு முன்னாடியே தையல் மிஷின் போட்டிருக்கேன். பாப்பா ஏழாவதுல இருந்து கபடி, பள்ளிக்கூடத்து மண்ணுல வெறுங்கால்ல ஆடி வளர்ந்தவ. குறுவட்டம், மாவட்டம்னு போய்ட்டு வந்து, விளையாட்டு விடுதில சேரணும், அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டால காலேஜ் போகணும்னு எல்லாத்தையும் அவளே பிளான் போட்டு வச்சிருந்தா. 2023 ஆகஸ்ட், பத்தாவது படிக்கறா, சுதந்திர தினத்துக்கு பக்கத்து ஊர்ல ஒரு கோப்பைப் போட்டி, மேட் போட்டு நடத்துனாங்க. இவளுக்கு மேட் பழக்கம் கம்மி, ஷூவும் கிடையாது, சீனியர் அக்கா ஒருத்தியோட புது ஷூவ வாங்கிப் போட்டுக்கிட்டா, அரை சைஸ் பெருசு, அடியில ரப்பர் புத்தம்புதுசா கப்புனு பிடிக்கும். காலைல ஒரு மேட்ச், மத்தியானம் ஒரு மேட்ச், சாயந்தரம் மூணாவது மேட்ச்ல கடைசி அஞ்சு நிமிஷத்துல இது நடந்துச்சு. வெறுங்கால்னா மண்ணுல வழுக்கிக்கிட்டே திரும்பும், அன்னைக்கி பாதம் மேட்லயே ஒட்டிக்கிச்சு, உடம்பு மட்டும் திரும்புச்சு, நடுவுல மாட்டுனது முட்டி. இதெல்லாம் இப்ப சொல்றேன். அன்னைக்கி எனக்கு என்ன தெரியும், திருஷ்டின்னு நெனச்சு ராத்திரி உப்பு மிளகா சுத்திப் போட்டேன்.

"டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சும்மா, சுள்ளி ஒடிச்ச மாதிரி"ன்னு சொன்னா. ஸ்ப்ரே அடிச்சாங்க, பத்து நிமிஷத்துல எந்திரிச்சு நொண்டிக்கிட்டே நடந்துட்டா, அதனால எல்லாரும் சுளுக்குதான்னுட்டாங்க. வேன்ல வீடு வந்து சேர்றதுக்குள்ள முட்டி இளநி சைஸ்க்கு ஆயிருச்சு. நானே தச்சுக் குடுத்த பேண்ட், லூசா வச்சுத்தான் தச்சிருந்தேன், அதை முட்டிக்கு மேல ஏத்த முடியல, கத்திரி எடுத்து நான் போட்ட தையல நானே பிரிச்சு எடுத்தேன். அந்த வீக்கம் உள்ள ரத்தம் கட்டுனதாம். இங்க ஒன்னு சொல்லிடறேன், இது மட்டும் ஞாபகம் இருந்தா போதும்: திரும்பறப்பவோ குதிச்சு இறங்கறப்பவோ முட்டிக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம், ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள வீக்கம், அப்புறம் கால ஊனுனா முட்டி நிக்காம நழுவற மாதிரி ஒரு உணர்வு, இந்த மூணுல ரெண்டு இருந்தாலே அது சுளுக்கு இல்ல, ஜவ்வுன்னு நெனச்சுக்கிட்டு எலும்பு டாக்டர்கிட்ட போயிருங்க. நடக்க முடியுதுங்கறது ஒரு கணக்கே இல்ல, ஜவ்வு முழுசா அறுந்தவங்களும் நடப்பாங்க. அன்னைக்கி செய்ய வேண்டியது விளையாட்ட நிறுத்தறது, துணில சுத்துன ஐஸ் ஒரு கால் மணி நேரம் விட்டு விட்டு வைக்கறது, காலத் தூக்கி வைக்கறது. எண்ணெய் போட்டு நீவறது, வெந்நீர் ஒத்தடம், ரெண்டும் வேண்டாம். நான் ரெண்டையும் பண்ணேன்.

அடுத்த நாள் பக்கத்துல எக்ஸ்ரே எடுத்தோம், எலும்புல ஒன்னும் இல்லன்னாங்க. எனக்கு உசுரே வந்துச்சு, ஸ்வீட் வாங்கிட்டு வந்தேன்னா பாத்துக்கோங்க. எக்ஸ்ரேல ஜவ்வு தெரியாதுன்னு அப்ப யாரும் சொல்லல, நானும் கேக்கல. வீக்கம் வடியலன்னதும் மாமியார் சொன்னாங்கன்னு கட்டு வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், மூணு கட்டு, எண்ணெய், பச்சிலை, பஸ் செலவு எல்லாம் சேத்து 3,200 ரூபா. அவரக் குறை சொல்ல வரல, எலும்பு பிசகுனதுக்கெல்லாம் எங்க சனம் காலங்காலமா போறதுதான், ஆனா அறுந்த கயித்துக்கு வெளிய கட்டு போட்டு என்ன ஆகும். இருபத்தி நாலு நாள்ல வீக்கம் போயிருச்சு, வலியும் போயிருச்சு. இதுதான் இந்தக் காயத்தோட பெரிய ஏமாத்து வேலை, கட்டுனாலும் கட்டாட்டியும் வீக்கம் தானா வடியும், புள்ள நல்லா நடக்கும், சரியாப்போச்சுன்னு எல்லாரும் நம்பிடுவோம்.

செப்டம்பர் கடைசில பாப்பா திரும்பவும் கிரவுண்டுக்குப் போனா. நான்தான் அனுப்புனேன். மாவட்டப் போட்டி வருது, இவ இல்லாம டீம் இல்லன்னு பி.டி. சாரும் கேட்டாரு, எனக்கும் ஆசை. அக்டோபர் ரெண்டாவது வாரம் பிராக்டிஸ்ல ஒரு சாதாரண ஓட்டத்துல முட்டி மறுபடி நழுவிருச்சு, இந்தத் தடவ கால நீட்டவே முடியல, பாதியில பூட்டிக்கிச்சு. ராத்திரி முழுக்க அழுதா. வீட்டுக்காரர் குஜராத்ல வாபிங்கற ஊர்ல லோடு எறக்கிட்டு இருந்தாரு, போன்ல "டாக்டர்கிட்ட காட்டு டாக்டர்கிட்ட காட்டு"ங்கறாரு, எந்த டாக்டர்கிட்டன்னு அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. மாமியார் ஒரு பக்கம், பொட்டப்புள்ளைய டவுசர் போட்டு ஆட விட்டா இப்படித்தான்னு. அன்னைக்கி நான் பதில் பேசல, ஏன்னா எனக்கே அப்படித் தோணுச்சு. அதுதான் இப்பவும் எனக்கு வெக்கமா இருக்கு.

மறுநாள் சேலத்துல ஒரு எலும்பு மூட்டு டாக்டர். முட்டிய லேசா மடக்கி, ஒரு கையில தொடையப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில கீழ்க்கால முன்னாடி இழுத்துப் பாத்தாரு, நல்ல கால்லயும் அதே மாதிரி பண்ணிக் காட்டுனாரு. நல்ல கால் 'டக்'னு நிக்குது, இது நிக்காம முன்னாடி வருது, எனக்கே தெரிஞ்சுச்சு. பத்து செகண்ட் வேலை. ரெண்டு மாசமா நான் தேடிட்டு இருந்த பதில் அந்தப் பத்து செகண்ட்ல இருந்துச்சு. அப்புறம் 6,500 ரூபாய்க்கு எம்.ஆர்.ஐ, ஏ.சி.எல்ங்கற முட்டி ஜவ்வு முழுசா அறுந்திருக்கு, அது ஆகஸ்ட்லயே போயிருச்சு, மெனிஸ்கஸ்னு முட்டிக்குள்ள குஷன் மாதிரி இருக்கற இன்னொரு ஜவ்வும் கிழிஞ்சு மடங்கி மாட்டியிருக்கு, அது அனேகமா இப்ப, ரெண்டாவது தடவ விழுந்தப்ப ஆனதுன்னாரு. "ஆடாம வந்திருந்தா இந்த ரெண்டாவது வேலை இருந்திருக்காதும்மா"ன்னு சாதாரணமாத்தான் சொன்னாரு. அந்தக் குஷன் போனா இந்த வயசுப் புள்ளைங்களுக்கு முப்பது முப்பத்தஞ்சு வயசுலயே மூட்டுத் தேய்மானம் வர வாய்ப்பு அதிகமாம். பஸ்ல வர்றப்ப ஜன்னல் பக்கமாவே பாத்துக்கிட்டு வந்தேன், பாப்பா என் மூஞ்சியப் பாத்துடக் கூடாதுன்னு.

ஏ.சி.எல்னா என்னன்னு அவரு சொன்னத எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள்ள குறுக்கால கட்டி வச்சிருக்கற ஒரு நாடா, கீழ்க்கால் முன்னாடி நழுவாம, முறுக்கிக்காம அதுதான் பிடிச்சுக்குது. நேரா நடக்கறதுக்கு அது இல்லாமயும் ஓட்டிடலாம், ஓடி வந்து சட்டுனு நின்னு திரும்பறதுக்கு அது வேணும், கபடின்னா அதுதானே முழு ஆட்டமே. அறுந்தா பெரும்பாலும் தானா ஒட்டாதாம். அவளோட தொடை பின்பக்கத்துல இருந்தே தசைநார் எடுத்து புதுசா கட்டறதுதான் ஆபரேஷன். வளர்ற வயசுங்கறதால எலும்பு வளர்ச்சி முடிஞ்சிருச்சான்னு முதல்ல பாத்தாங்க, எலும்பு நுனில இருக்கற வளர்ச்சித் தட்டு மூடாத சின்னப் புள்ளைங்களுக்கு சாதாரணமா போடற மாதிரி துளை போடக் கூடாதாம், வேற முறையாம். உங்க புள்ளைக்கு பன்னெண்டு பதிமூணு வயசுன்னா இதை வாயத் தொறந்து கேட்டுருங்க.

உடனே ஆபரேஷன் பண்ணிடுங்கன்னு நான் அவசரப்பட்டேன். அவரு ஒத்துக்கல. முதல்ல முட்டி முழுசா நீளணும், வீக்கம் வடியணும், தொடைச் சதை கொஞ்சம் பலமாகணும், விறைச்சுப் போன முட்டில பண்ணா அப்புறமும் விறைப்பாவே நின்னுரும், ஆனா மாட்டியிருக்கற ஜவ்வுக்காக ரொம்பவும் தள்ளக் கூடாதுன்னு ஒரு மாசம் பிசியோதெரபிக்கு அனுப்புனாரு. பணம் பொரட்ட எனக்கும் அந்த ஒரு மாசம் தேவைப்பட்டுச்சு. சொசைட்டி பேங்க்ல நகை வச்சு 1,20,000, ஓடிட்டு இருந்த சீட்ட தள்ளி எடுத்தது, வீட்டுக்காரரோட லாரி ஓனர்கிட்ட அட்வான்ஸ். ஆபரேஷன் மட்டும் 1,72,000. முட்டிக்கு மாட்டற பிரேஸ் 4,200. மருந்து, போக்குவரத்து, பிசியோ ஒரு தடவைக்கு 400 வீதம் 46 தடவ, எல்லாம் கூட்டிப் பாத்தா ரெண்டேகால் லட்சத்தத் தாண்டிருச்சு, நான் மிஷின்ல உக்காராத நாளுக்குக் கணக்கே போடல, தீபாவளி ஜாக்கெட் ஆர்டர் பாதி திருப்பிக் குடுத்தேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பீரோல இருந்துச்சு. அந்த ஆஸ்பத்திரில அது செல்லாதுன்னாங்க, சரின்னு விட்டுட்டேன். சேலம் ஜி.ஹெச் எலும்புப் பிரிவுல ஒரு எட்டு போய், இந்த ஆபரேஷன் இங்க உண்டா, அட்டைல வருமான்னு கேட்டிருக்கலாம். கேட்டு இல்லன்னா இல்ல. கேக்கவே இல்லங்கறதுதான் உறுத்துது. நீங்க கேளுங்க, நகையத் தூக்கறதுக்கு முன்னாடி.

நவம்பர் கடைசில ஆபரேஷன். மெனிஸ்கஸ்ஸயும் சேத்துத் தச்சாங்க, அதனால ஆறு வாரம் ஊனுகோல். இதுல எதுக்கு நாங்க தயாரா இல்லன்னா, சொன்னா சிரிப்பீங்க, கக்கூஸ். வீட்டுல குத்த வச்சு உக்கார்ற பேசின், முட்டிய மடக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்னைக்கித்தான் உறைச்சுச்சு, பக்கத்து வீட்டுத் தம்பிய ஓட விட்டு ராத்திரி எட்டு மணிக்கு கமோட் சேர் 1,900 ரூபாய்க்கு வாங்கிட்டு வரச் சொன்னேன். பள்ளிக்கூடத்துலயும் அதே பிரச்சனை, மாடி கிளாஸ் வேற, அவ தண்ணியே குடிக்காம போய்ட்டு வந்துட்டு இருந்தான்னு ஒரு மாசம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். ஹெட்மாஸ்டர்கிட்ட டாக்டர் லெட்டரோட போய் சொன்னதும் கிளாஸயே கீழ மாத்திட்டாரு, பொதுத்தேர்வுக்கும் கீழ் ரூம் வாங்கிக் குடுத்தாரு. முன்னாடியே கேட்டிருந்தா முன்னாடியே செஞ்சிருப்பாரு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாவது மாசமோ என்னமோ, பிசியோ பண்ற பொண்ணு, என்ன விட பத்து வயசு சின்னது, என்னைய "அக்கா இங்க வாங்க ஒன்னு காட்டறேன்"னு கூப்புட்டுச்சு. பாப்பா அன்னைக்கித்தான் முதல் முதலா ஒரு அரை அடி பலகைல இருந்து நல்ல கால்ல மட்டும் இறங்கிப் பழகறா. அந்தப் பொண்ணு நேர் எதிர்ல உக்காந்து போன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்துச்சு. பாதம் தரையில படுது, முட்டி அப்படியே உள்பக்கமா சாயுது, இன்னொரு முட்டியத் தொடப் போற மாதிரி. இடுப்பு ஒரு பக்கம் சரியுது. "இது ஆபரேஷன் பண்ண கால் இல்லக்கா, இது நல்ல கால்"னுச்சு. எனக்குக் கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. வலது கால் எப்படிப் போச்சோ அதே வழிய இடது காலும் பிடிச்சு நிக்குது.

அந்தப் பொண்ணு சொன்னத எழுதிக்கிட்டேன். வயசுக்கு வர்ற சமயத்துல புள்ளைங்க மடமடன்னு உசரம் ஆயிடறாங்க, எலும்பு நீளுது, ஆனா அதைப் பிடிச்சு நிறுத்தற சதை, முக்கியமா இடுப்புப் பக்கவாட்டுச் சதையும் தொடையோட பின்சதையும், அதே வேகத்துல பலமாகறதில்ல. பசங்களுக்கு அந்த வயசுல சதை தானா கூடுது, பொண்ணுங்களுக்கு அந்த அளவு இல்ல. அதனால குதிச்சு இறங்கறப்ப முட்டிய மடக்காம விறைப்பா இறங்கறாங்க, முட்டி உள்ள விழுது, முன்தொடைச் சதை மட்டும் வேலை செஞ்சு கீழ்க்கால முன்னாடி இழுக்குது, மொத்த பாரமும் அந்த நாடா மேல. ஒரே விளையாட்ட விளையாடற பசங்களோட வச்சுப் பாத்தா பொண்ணுங்களுக்கு ரெண்டுல இருந்து எட்டு மடங்கு வரைக்கும் ஏ.சி.எல் அதிகமா அறுதாம். பொண்ணுங்க விளையாடக் கூடாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல மாமியாரே, பொண்ணுங்களுக்கு இறங்கக் கத்துக் குடுக்கணும்னு அர்த்தம். ஸ்வீடன்ல 12 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் இருக்கற நாலாயிரத்து ஐந்நூறு ஃபுட்பால் ஆடற பொண்ணுங்கள வச்சுப் பாத்திருக்காங்க, 2012ல வெளியாச்சு, வாரத்துக்கு ரெண்டு நாள் 15 நிமிஷம் முட்டி உள்ள சாயாம பழக்கற பயிற்சிய வார்ம் அப்பா பண்ண டீம்கள்ல ஏ.சி.எல் அறுந்தது மூணுல ரெண்டு பங்கு கிட்ட கம்மி. பதினஞ்சு நிமிஷம், மிஷின் வேண்டாம், காசு வேண்டாம். நான் ரெண்டேகால் லட்சம் பில்ல ஃபைல்ல வச்சுக்கிட்டு இதைக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்.

வீட்டுல நீங்களே பாத்துக்கலாம். படி ஒன்னு, ஒரு அடி உசரம் இருந்தா போதும். புள்ளைய அதுல இருந்து ரெண்டு காலயும் வச்சு குதிக்கச் சொல்லி, இறங்குன உடனே மேல எம்பச் சொல்லுங்க, நேர் எதிர்ல முட்டி உயரத்துல போன வச்சு ஸ்லோ மோஷன்ல எடுங்க. முட்டி ரெண்டும் கால் விரலுக்கு நேரா போகுதா, உள்ள சாயுதா. இன்னொன்னு கண்ண மூடிக் கேளுங்க, தொம்முன்னு சத்தம் வந்தா விறைப்பா இறங்குதுன்னு அர்த்தம். இது டாக்டர் டெஸ்ட் இல்ல, சாயலன்னா ஆபத்தே இல்லன்னும் சொல்ல முடியாது, ஆனா சாஞ்சா பயிற்சி கட்டாயம் வேணும்.

பி.டி. சார்கிட்ட சொன்னப்ப முதல்ல பிடி குடுக்கல. "ஏனுங்க அக்கா, கிடைக்கறதே ஒரு மணி நேரம், அதுல இருவது நிமிஷம் இதப் பண்ணிட்டு எப்ப ரெய்டு பழக"ன்னாரு. நியாயந்தான், மூணு டீமுக்கும் அவரு ஒருத்தர்தான். நான் சண்டை போடல, பிசியோ பொண்ணு எடுத்த அந்த வீடியோவ மட்டும் காட்டுனேன், அவரே மறுநாள் பெஞ்சு போட்டு பன்னெண்டு புள்ளைங்களையும் குதிக்க வச்சு எடுத்தாரு. எட்டு பேருக்கு முட்டி உள்ள போகுது. அதுல இருந்து செவ்வா, வியாழன், சனி காலைல நடக்குது. ஃபிஃபாங்கற உலக ஃபுட்பால் சங்கம் போட்டிருக்கற லெவன் பிளஸ்னு ஒரு வார்ம் அப் இருக்கு, 15 பயிற்சி, 20 நிமிஷம், அதையே கொஞ்சம் கபடிக்கு மாத்திக்கிட்டாரு. முதல்ல மெதுவான ஓட்டம், இடுப்பச் சுழட்டறது, பக்கவாட்டு ஓட்டம். அப்புறம் பிளாங்க், சைடு பிளாங்க், ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு பந்து பிடிக்கறது, அப்ப கூட்டாளி லேசா தள்ளி விடும், விழாம நிக்கணும். அப்புறம் முட்டி போட்டு நிக்கற புள்ளையோட கணுக்கால இன்னொரு புள்ள அமுக்கிப் பிடிச்சுக்கும், இவ உடம்ப நேரா வச்சுக்கிட்டு மரம் சாயற மாதிரி மெதுவா முன்னாடி சாயணும், அது தொடை பின்சதைக்கு. முதல் வாரம் எல்லாம் தொப்பு தொப்புன்னு விழுந்து சிரிச்சுக்கிட்டு, மறுநாள் யாராலயும் மாடிப்படி இறங்க முடியல, அதனால மூணு தடவைல ஆரம்பிச்சுத்தான் ஏத்தணும். கடைசியா குதிக்கறது, இறங்கறது, ஓடி வந்து ஊனித் திரும்பறது. திரும்பறப்ப ஒரே கால்ல நங்குன்னு ஊனாம ரெண்டு மூணு சின்ன அடியா வச்சு, முட்டியையும் இடுப்பையும் மடக்கித் தாழ்ந்து திரும்பச் சொல்லிக் குடுக்கறாரு, ரெய்டருக்கு அது வேகத்தயும் குறைக்கல, தாழ்ந்திருந்தா எதிராளி கணுக்காலப் பிடிக்கவும் கஷ்டமாம், அதுக்கப்புறம்தான் சார் இதுல உண்மையாவே இறங்குனாரு.

ஒரு மாசம் பண்ணிட்டு விட்டா பலன் இல்ல, சீசன் முழுக்க ஓடணும், அதுதான் கஷ்டம். போட்டி நெருங்குனா முதல்ல வெட்டு விழறது இதுக்குத்தான், நான் வாரா வாரம் கேட்டுக் கேட்டு அவருக்கு என்னைக் கண்டாலே அலுப்பு. இது போக, மேட்ல போட்டின்னா ஒரு வாரம் முன்னாடியே அந்த ஷூவோட, அந்த மாதிரி மேட்ல பழகணும், இரவல் ஷூ கூடவே கூடாது. ஒரே நாள்ல மூணு மேட்ச்னா ரெய்டர மாத்தி மாத்தி இறக்கச் சொல்லுங்க, களைச்ச கால்தான் முட்டிய உள்ள விடுது. மெடிக்கல்ல விக்கற முட்டி கேப் வாங்கி மாட்டிட்டு பாதுகாப்பாச்சுன்னு இருக்காதீங்க, அது சூடா இதமா இருக்கும், ஜவ்வு அறுறத நிறுத்தாது, நான் ஆரம்பத்துல ரெண்டு வாங்கி வச்சிருக்கேன், இப்ப மிஷின் துடைக்க ஆகுது.

திரும்ப ஆடறதப் பத்தி. பாப்பா விழுந்த அதே வாரம்தான் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டுக்கும் பயிற்சில ஏ.சி.எல் போச்சு, மும்பைல ஆபரேஷன் பண்ணாங்க, பாப்பா அந்த நியூஸ வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருந்தா. 2024 ஆகஸ்ட்ல அவங்க பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஃபைனல் வரைக்கும் போனப்ப எங்க வீட்டுல ஒரே சண்டை, அவங்க ஒரு வருஷத்துல ஒலிம்பிக்ஸ், நான் சுதந்திர தின மேட்ச்க்குக் கூடப் போகக் கூடாதான்னு. அப்ப இவளுக்கு ஆபரேஷன் ஆகி எட்டு மாசம் சொச்சம்தான். மறுநாள் காலைல நூறு கிராம் எடை கூடிருச்சுன்னு அவங்கள நிறுத்திட்டாங்கன்னு வந்தப்ப அவளும் அழுதா, சண்டை அதோட நின்னுச்சு. விஷயம் என்னன்னா புதுசா வச்ச தசைநார் ஒட்டு மாங்கன்னு மாதிரி, வச்ச உடனே மரம் ஆகாது, ரெண்டு மூணு மாசத்துல வலி சுத்தமா போயிருக்கும், அப்பத்தான் உள்ள அது ரொம்ப பலவீனமா இருக்கும். ஒன்பது மாசத்துக்கு முன்னாடி ஆட்டம் கிடையவே கிடையாதுன்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டாரு, அவசரப்பட்டுப் போறவங்களுக்கு மறுபடி அறுறது பல மடங்கு அதிகமாம், சின்ன வயசுல மறுபடி ஆடப் போறவங்கள்ல நாலஞ்சு பேருக்கு ஒருத்தர் இதே காலோ மத்த காலோ திரும்ப அறுத்துக்கறாங்களாம். ஒன்பது மாசம் ஆனா மட்டும் போதாது, ஒத்தக் கால்ல தாவுற தூரம், தொடை பலம் எல்லாம் நல்ல கால்ல நூறுன்னா இதுல தொண்ணூறாவது வரணும். செப்டம்பர்ல இவளுக்கு 82 வந்துச்சு. மறுபடி ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசம் எங்கிட்ட சரியாவே பேசல.

2025 பொங்கலுக்கு எங்க ஊர்லயே கபடி வச்சாங்க, மண்ணுல. ஆபரேஷன் முடிஞ்சு பதிமூணு மாசம் கழிச்சு முதல் மேட்ச். வீட்டுக்காரர் லீவு போட்டுட்டு வந்திருந்தாரு, அவரு விசிலடிச்சு பாயின்ட் எண்ணுறாரு, நான் முட்டியவே பாத்துட்டு இருக்கேன். ஏழு ரெய்டு போனா, நாலு பாயின்ட் எடுத்தா, தாழ்ந்து சின்ன அடி வச்சு நல்லாத்தான் திரும்பறா. ஆனா ஏழு தடவையும் வலது பக்கமாவே திரும்பறா. ஒரு தடவ இடது பக்கம் காலியா கெடந்துச்சு, நடுக்கோடு ரெண்டே எட்டு, அப்பவும் சுத்திக்கிட்டு வலது பக்கமா வந்து மாட்டிக்கிட்டா. அவ கவனிச்சாளா தெரியல. சாருக்கும் தெரியல, அவங்கப்பாவுக்கும் தெரியல. நான் இன்னும் அவகிட்ட சொல்லல, பிசியோ பொண்ணுகிட்ட மட்டும் அந்த வீடியோவ அனுப்பியிருக்கேன், சனிக்கிழமை கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கு.